முதல் பிரசவத்தை மறந்துவிடும் அட்டை: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைக்கும், பொது சுகாதாரத் துறைக்கும், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கும்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் ஆய்வக நுட்புநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. ரத்த வங்கி ஜன்னலில் சீட்டோடு வந்து நிற்கிற அப்பாமாரைப் பார்த்தே என் வேலைக்காலம் கழிந்தது. அந்தச் சீட்டில் "பிறந்த குழந்தை, ஓ நெகட்டிவ், எக்ஸ்சேஞ்ச்" என்று, அதாவது பிள்ளையின் ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தால் எங்களுக்குப் பாதிக் கதை புரிந்துவிடும். இதற்கு முன்னால், அநேகமாக வேறு ஊரில், வேறொரு பிரசவத்திலோ தங்காமல் போன கருவிலோ, அந்தத் தாய்க்குப் போட வேண்டிய ஆன்டி டி என்ற ஊசி விட்டுப்போயிருக்கிறது. அது யாரால் விட்டுப்போனது என்று தேடினால் ஆளே அகப்படமாட்டார். அந்த ஊரின் காகிதம் இந்த ஊருக்கு வந்திருக்காது.

நான் கேட்கப்போவது பெரிய திட்டம் இல்லை. ஆர்.எச். நெகட்டிவ் என்று தெரிந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அட்டை. கர்ப்பத்துக்கு ஓர் அட்டை என்றில்லாமல், அந்தப் பெண்ணுக்கே என்று ஆயுசுக்கும் ஒரே அட்டை. ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்ல இந்த மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் துறைக்குத் தெரியாத மருத்துவம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இது திறந்த மடல், கர்ப்பிணிகளும் அவர்கள் வீட்டாரும் படிப்பார்கள். அவர்களுக்காக நோயைச் சொல்லிவிடுகிறேன். அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ் என்றால் வயிற்றில் இருக்கும் பிள்ளை பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு அதிகம். நஞ்சுக்கொடி பிரிகிற நேரத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. தாயின் உடம்பு அந்த அணுக்களை வேற்றாளாக எடுத்துக்கொண்டு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) செய்யப் பழகுகிறது. பழகி முடிப்பதற்குள் முதல் பிள்ளை வெளியே வந்து பால் குடித்துக்கொண்டிருக்கும். அதற்கு ஒன்றும் ஆகாது. அடுத்து வருவதும் பாசிட்டிவ் என்றால் அதற்குத்தான் ஆபத்து. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து உள்ளே போய்ப் பிள்ளையின் சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கும். முற்றினால் ரத்தசோகையில் பிள்ளையின் உடம்பெல்லாம் நீர் கோத்து, வயிற்றிலேயே போய்விடும். முற்றாமல் உயிரோடு பிறந்தால் வேறு சோதனை. உடைந்த அணுக்களிலிருந்து வருகிற பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை வயிற்றில் இருந்தவரை தாயின் ஈரல் சுத்தம் செய்துகொடுத்தது. கொடியை வெட்டியதும் அந்த உதவி நின்றுபோகிறது. பிறக்கும்போது நல்ல நிறமாக இருந்த பிள்ளை சில மணி நேரத்தில் மஞ்சளாகிறது. அது மூளைக்குள் படிந்துவிட்டால் பிழைத்தாலும் கை கால் முறுக்கிக்கொள்ளும், காது கேட்காமல் போகும். அந்தச் சேதத்தைத் திருப்ப மருந்து கிடையாது.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இதற்கெல்லாம் பெயரே கிடையாது. மூத்தது மட்டும் தங்கி, அடுத்தடுத்து வந்ததெல்லாம் பிறந்ததும் மஞ்சளாகி இறந்துபோன வீடுகள் இருந்தன. அடுத்ததாவது தங்கட்டும் என்று குப்பையில் போட்டு எடுத்து குப்பம்மாள், குப்புசாமி என்றும், பிச்சை எடுத்த துணியை உடுத்தி பிச்சை, பிச்சையம்மாள் என்றும் பெயர் வைத்தார்கள். அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை அம்மை, வயிற்றுப்போக்கு, கொடி அறுத்த இடத்து சீழ் என்று வேறு காரணங்களால் வந்தவை, எல்லாவற்றையும் ஆர்.எச். தலையில் கட்டக் கூடாது. ஆனாலும் "முதலாவது மட்டும் தங்கியது" என்ற வகையைக் கேட்டால் எனக்கு ரத்தக் குரூப் கேட்கத் தோன்றும். அந்தத் தாய்மாரை ராசியில்லாதவள் என்று சொல்லி நடத்திய விதத்தை நான் எழுத வேண்டியதில்லை.

மருந்து வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. 1939-இல் நியூயார்க்கில் லெவின், ஸ்டெட்சன் என்ற இருவர், இறந்த குழந்தையைப் பெற்ற ஒரு தாயின் ரத்தம் அவள் கணவனின் ரத்தத்தைத் திரிய வைப்பதைக் கண்டு எழுதினார்கள். அடுத்த ஆண்டு லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்.எச். காரணியைச் சொன்னார்கள். 1945-இல் எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கிற கூம்ப்ஸ் சோதனை வந்தது; இன்றும் எங்கள் மேசையில் தினமும் நடப்பது அதுதான். அறுபதுகளில் நியூயார்க்கிலும் லிவர்பூலிலும் இரண்டு குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே யோசனைக்கு வந்தன. எதிர்ப்பொருளையே ஊசியாகக் கொடுத்தால், தாயின் உடம்பு பிள்ளையின் அணுவைக் கவனிப்பதற்கு முன்பே அது அகற்றப்பட்டுவிடும், பழகவே வாய்ப்பிருக்காது. 1968-இல் அமெரிக்காவில் அந்த ஊசிக்கு உரிமம் கிடைத்தது. அதுதான் ஆன்டி டி; டி என்பது பாசிட்டிவ் அணுவின் மேல் இருக்கிற ஆர்.எச். பொருள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்றொருவரின் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் மிகுந்திருந்தது; அவர் 81 வயது வரை மொத்தம் 1,173 முறை தானம் செய்தார். 2025 பிப்ரவரியில் காலமானார்.

இனி நம் கணக்கு. நம் நாட்டில் நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேர் நெகட்டிவ். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் பிரசவம் என்றால் நாற்பதாயிரத்தை ஒட்டிய நெகட்டிவ் தாய்மார். ஊசியே இல்லாத காலத்தில், பாசிட்டிவ் பிள்ளையைப் பெற்ற நெகட்டிவ் தாய்மாரில் நூற்றுக்குப் பதினாறு பேர் வரை எதிர்ப்பொருள் உருவானது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் அது ஒன்று, இரண்டாகக் குறைகிறது. 28-ஆம் வாரத்திலும் ஒன்று போட்டால் ஆயிரத்துக்கு இரண்டு, மூன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. இதைவிட நன்றாக வேலை செய்கிற தடுப்பு மருத்துவம் எத்தனை இருக்கும்?

அப்படியானால் ஏன் இன்னும் அந்தச் சீட்டுகள் வருகின்றன?

அரசு மருத்துவமனைப் பிரசவத்தில் பெரும்பாலும் ஊசி போட்டுவிடுகிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. குறை இரண்டு பிரசவங்களுக்கு நடுவில் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். அஞ்சாம் மாசமோ ஏழாம் மாசமோ வளைகாப்பு முடிந்து பெண் அம்மா ஊருக்குப் போகிறாள். அங்கே பிரசவம் ஆகி, மூன்றாம் மாசமோ ஐந்தாம் மாசமோ பிள்ளையோடு கணவன் வீட்டுக்குத் திரும்புகிறாள். அடுத்தது பல வீடுகளில் மாமியார் ஊரில். நடுவில் ஒரு கரு தங்காமல் போயிருந்தால் அது டவுனில் ஏதோ ஒரு தனியார் கிளினிக்கில். மூன்று இடம், மூன்று ஃபைல். தாய் சேய் நல அட்டை அந்தந்தக் கர்ப்பத்தோடு பரணுக்குப் போய்விடுகிறது. கர்ப்பிணியைப் பதிவு செய்து பிக்மி எண் கொடுக்கிறோம், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியை எந்தத் தவணை எப்போது போனது என்று கணக்கு வைக்கிறோம். அதே பெண்ணுக்கு ஆன்டி டி எப்போது போனது என்று ஜன்னலில் நின்று கேட்டால், "ஏதோ ஊசி போட்டாங்க சார்" என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். டி.டி. ஊசியா, இரும்பு ஊசியா, ஆன்டி டி-யா? எந்த வீட்டுக்காரருக்குத் தெரியும்?

"இப்போதெல்லாம் ஒன்று, இரண்டோடு நிறுத்திவிடுகிறார்களே, இந்த நோய் தானாகக் குறையாதா" என்று ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார். பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள், உண்மை. தாயின் உடம்பு எண்ணுவது பிள்ளைகளை அல்ல, கர்ப்பங்களை. நான்காம் மாதத்தில் கலைந்த கருவும் கணக்கில் சேரும். குழாயில் தங்கிய கருவும், கீழே விழுந்து வயிற்றில் அடிபட்டதும், பனிக்குட நீர் எடுத்துச் சோதித்ததும் சேரும். இரண்டே பிள்ளை என்று தீர்மானித்த வீட்டில், அந்த இரண்டாவது பிள்ளை போனால் இழப்பு குறைவாகுமா?

கருக்கலைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 12 வாரத்துக்கு முந்தைய கருக்கலைப்புக்கு ஆன்டி டி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. அதற்குப் பின் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரியும் ஏறக்குறைய அதே பக்கம் வந்தது. அத்தனை சின்னக் கருவிலிருந்து கலக்கிற ரத்தம் மிகக் குறைவு என்பது காரணம். நான் அதை மறுக்கவில்லை; மறுக்கப் படிப்பும் எனக்கில்லை. ஆனால் அந்தப் பரிந்துரை, எத்தனை வாரம் என்று உறுதியாகத் தெரிந்த ஊருக்கு எழுதப்பட்டது. நம்மிடம் சீட்டே இல்லாமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். ஸ்கேன் கிடையாது, நாள் கணக்கு "ரெண்டு மாசம் இருக்கும்" என்ற அளவில்தான். மாமியாருக்குத் தெரியாமல் செய்ததை அடுத்த கர்ப்பத்தில் செவிலியர் கேட்டால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? 12 வாரத்துக்கு முன் வேண்டாம் என்று துறை முடிவு செய்தால் அதையும் தெளிவாக எழுதி அனுப்புங்கள். இன்று ஒரு டாக்டர் போடுகிறார், ஒருவர் போடுவதில்லை, மூன்றாமவர் "வெளியே வாங்கிட்டு வாங்க" என்று சில ஆயிரம் ரூபாய்க்குச் சீட்டு எழுதுகிறார்.

அடுத்தது எங்கள் மேசையின் சங்கடம். இது வெளியே யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது, ஆகவே விரிவாகச் சொல்கிறேன். 28-ஆம் வாரத்தில் தனியாரிடம் ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண், 34-ஆம் வாரத்தில் அரசு மருத்துவமனைக்கு வருகிறாள். ஐ.சி.டி., அதாவது தாயின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்கிற கூம்ப்ஸ் சோதனை பார்க்கச் சொல்லி சாம்பிள் வருகிறது. பாசிட்டிவ் காட்டுகிறது. ஊசியில் போட்டதே ஆன்டி டி என்பதால் ரத்தத்தில் அதுதான் தெரியும். இதனால் பிள்ளைக்கு ஆபத்தில்லை. இதே பாசிட்டிவ், அவள் உடம்பே உருவாக்கியதாக இருந்தால் பிள்ளைக்குப் பெரிய ஆபத்து. இரண்டும் சோதனைக் குழாயில் ஒரே மாதிரிதான் திரியும். டைட்டர், அதாவது எதிர்ப்பொருள் எவ்வளவு என்று அளக்கிற சோதனை போட்டால் ஓரளவு பிடிபடும். ஊசியால் வந்தது பொதுவாக நாலைத் தாண்டாது, 16-ஐத் தொட்டால் பிள்ளைக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் இப்போதுதான் உருவாகத் தொடங்கிய எதிர்ப்பொருளும் நாலில்தான் தொடங்கும். ஊசி போட்ட தேதி ஒரு வரி எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. அது இல்லாததால் இரண்டு விதமாகவும் தப்பு நடக்கிறது. சும்மா இருந்த பெண்ணைப் பயமுறுத்தி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். அல்லது "ஊசி போட்டிருப்பார்கள், அதுதான்" என்று நாமே நினைத்துக்கொண்டு, நிஜமாகவே ஆபத்தில் இருக்கிற பிள்ளையை விட்டுவிடுவோம். இன்னொன்று, எதிர்ப்பொருள் உருவாகிவிட்டவளுக்கு மறுபடி ஊசி போடுவதில் பயனில்லை. அவளுக்கு வேண்டியது கண்காணிப்பு. யாருக்கு எது என்பதைப் பிரிக்கிற தகவல் அந்த ஒற்றைத் தேதிதான்.

பிறந்த பின் இன்னொரு கண்ணி. தொப்புள் கொடி ரத்தத்தில் பிள்ளையின் குரூப் பார்க்கிறோம். தாயின் எதிர்ப்பொருள் பிள்ளையின் சிவப்பணுக்களை முழுக்க மூடியிருந்தால், நாங்கள் போடுகிற டி ரீஏஜென்ட் (டி இருக்கிறதா என்று பார்க்கும் திரவம்) ஒட்ட இடமில்லாமல், பாசிட்டிவ் பிள்ளை நெகட்டிவ் என்று காட்டும். அதாவது நோய் மிகக் கடுமையாக உள்ள பிள்ளைதான் "நெகட்டிவ், பயமில்லை" என்ற ரிப்போர்ட்டோடு வார்டுக்குப் போக வாய்ப்பிருக்கிறது. கூடவே பிள்ளையின் சிவப்பணு மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற டி.சி.டி. போட்டால் உடனே வெளிப்பட்டுவிடும். நெகட்டிவ் தாய்க்குப் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் குரூப்போடு டி.சி.டி. கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கை போதும். அதற்கு வேண்டிய கூம்ப்ஸ் சீரம் ஏற்கெனவே எங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

தடுக்காமல் விட்டால் எவ்வளவு செலவு என்பதையும் பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றுகிறார்கள். கிலோவுக்கு 160 மில்லி கணக்கு. மூன்று கிலோ பிள்ளைக்கு 480 மில்லி, அதாவது 350 மில்லி பையில் ஒன்று போதாது. பழைய பை ஆகாது. சில நாட்களுக்குள் எடுத்ததாக வேண்டும். ஓ நெகட்டிவ் நூறு பேரில் இரண்டு பேரிடம்கூடத் தேறுவது கஷ்டம். இரவு இரண்டு மணிக்கு நாங்கள் டோனர் லிஸ்ட்டைப் புரட்டி ஒவ்வொருவராக எழுப்புவோம். வந்துவிடுவார்கள், நம் ஊர் ஆட்கள் அதில் தங்கம். போலீஸ்காரர், டெம்போ ஓட்டுநர், காலேஜ் பையன் என்று யாராவது ஒருவர் வந்து கையை நீட்டுவார். ஆனால் பிலிருபின் அவருக்காகக் காத்திருக்காது.

இரண்டு வீட்டு வைத்தியங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிரசவ வார்டு சுவரில் எழுதிப் போடலாம். காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் போய்விடும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வேர் உண்டு. 1950-களில் இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், வெயில் பட்ட இடத்தில் பிள்ளையின் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கவனித்ததில்தான் இன்றைய நீல விளக்குச் சிகிச்சையே தொடங்கியது. ஆனால் பிறந்து 24 மணி நேரத்துக்குள் வருகிற மஞ்சளுக்கு மொட்டை மாடி வெயில் போதாது. ரத்தம் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். கீழாநெல்லி இன்னும் மோசம். பெரியவர்களின் ஈரல் காமாலைக்கு அரைத்துக் கொடுப்பதைப் பச்சைப் பிள்ளைக்குச் சங்கில் புகட்டுகிறார்கள். பிள்ளையின் ஈரலில் கோளாறே இல்லை. உடைகிறது ரத்த அணு.

இதை நெகட்டிவ் வீடுகள் மட்டும் படித்தால் போதாது. அம்மா ஓ குரூப், பிள்ளை ஏ அல்லது பி என்றாலும் இதே போராட்டம் சின்ன அளவில் நடக்கும். அதில் முதல் பிள்ளைக்கே வரலாம், தடுக்க ஊசியும் கிடையாது. பெரும்பாலும் நீல விளக்கில் சரியாகிவிடும்; ஆனால் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது ஓ குரூப் தாயிடம் "மஞ்சள் கூடினால் உடனே வாங்க" என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். பாசிட்டிவ் தாய்க்கும் முன்பு ரத்தம் ஏற்றியிருந்தாலோ, காரணம் தெரியாமல் பிள்ளை இறந்திருந்தாலோ ஐ.சி.டி. பாருங்கள்; கெல், சின்ன சி போன்ற வேறு ரத்தக் காரணிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் பிள்ளையைக் கொல்லக்கூடியவை. தட்டணுக்களிலும் (பிளேட்லெட்) இந்தப் பொருத்தமின்மை உண்டு. தாய்க்கு எல்லாம் சரியாக இருக்கும், பிள்ளை உடம்பில் மட்டும் சிவப்புப் புள்ளிகள், தட்டணு எண்ணிக்கை அடிமட்டத்தில். மூளையில் கசிந்துவிட்டால் மீட்பது கடினம். இதற்கும் முன்கூட்டி வழக்கமான சோதனை எதுவும் இல்லை. ஒரு பிள்ளைக்கு வந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தின் முதல் வாரங்களிலேயே டாக்டருக்குத் தெரிய வேண்டும். அதையும் எழுத ஓர் இடம் வேண்டும்.

ஆகவே அட்டை. குரூப் முதன்முதலில் நெகட்டிவ் என்று தெரிந்த அன்றே கொடுத்துவிடலாம். அது பள்ளியில் தெரிந்தாலும் சரி, கல்லூரி ரத்ததான முகாமில் தெரிந்தாலும் சரி. ரத்தம் கொடுத்தவருக்கு அட்டை தருகிறோமே, அதே மாதிரி. ஒவ்வொரு கர்ப்பமும், அது எப்படி முடிந்தது என்பதும் அதில் வர வேண்டும். "கலைந்தது" என்றால் போதும், தானாகவா செய்துகொண்டதா என்ற கேள்வி வேண்டாம். எதிர்ப்பொருளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, மாமியாருக்குத்தான் தெரியும். ஆன்டி டி போட்ட தேதி, அளவு, அதற்கு முன் எடுத்த ஐ.சி.டி. முடிவு. ரத்தம் ஏற்றியிருந்தால் அது. கணவனின் குரூப்பை அட்டையில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளையின் குரூப்பையும் அப்பாவின் குரூப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துக் குடும்பத்தில் தீ வைத்த கதைகள் ரத்த வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கூடவே, 28-ஆம் வார ஐ.சி.டி.-யும் ஊசியும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கட்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். தடுப்பூசி வைக்கிற பெட்டி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. கையில் போடுகிற ஊசிதான், செவிலியரே போடலாம். சாம்பிளை மட்டும் ஊசிக்கு முன் எடுத்துப் பக்கத்து ரத்த வங்கிக்கு அனுப்பினால் போதும். கொள்முதல் மருத்துவப் பணிகள் கழகத்தின் வேலை. தாலுகா அளவு வரை மருந்து சேர்க்கிற ஏற்பாட்டுக்கு இந்தியா முழுக்கப் பெயர் வாங்கிய கழகம் அது. 72 மணி நேரம் தாண்டிவிட்டால் வீண் என்று ஊசியை விட்டுவிடுகிற பழக்கத்தையும் சுற்றறிக்கையில் திருத்துங்கள். பத்து நாள் வரை போட்டாலும் ஓரளவு காப்பு உண்டு.

ஏற்கெனவே பதிவேடு சுமையில் முதுகு ஒடிந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு இன்னொரு பதிவேடு கேட்கவில்லை என்பதைக் கவனிப்பீர்கள் என்று நம்புகிறேன். அட்டையை ரத்த வங்கி கொடுக்கட்டும், முதல் வரியை நாங்கள் எழுதுகிறோம். எந்த மாவட்டத்தில் வேண்டுமானாலும் தொடங்கிப் பாருங்கள். மழையில் நனைந்தாலும் அழியாத தாளாக, தனியார் மருத்துவமனையும் எழுதக் கட்டாயமானதாக இருக்கட்டும். அச்சுக்கு அனுப்பும் முன் மாதிரியை ஒரு ரத்த வங்கி நுட்புநரிடமும் ஒரு கிராம சுகாதாரச் செவிலியரிடமும் காட்டிவிடுங்கள். கட்டங்கள் போதுமா, எழுத இடம் இருக்கிறதா என்று அவர்கள் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்